நீங்களே பூட்டிக்கொள்ளலாமாம்!

தட்டையான அட்டைப்பெட்டிகளில் பலகைகளாகவும் திருகாணிகளாகவும் வந்திறங்கி, வீட்டுக்காரரே பூட்டிக்கொள்ளவேண்டிய சமையலறை அலுமாரிகளைப் பற்றி ஒரு பொய் நெடுங்காலமாக விற்கப்பட்டு வருகிறது. எவரும் பூட்டலாம், தொழிலறிவு எதுவும் தேவையில்லை என்பதே அது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். கொழும்புத் தொடர்மாடிகளிலும் இப்பெட்டிகளைக் காணலாம்.

மலிவின் மர்மம் எளிமையானது. சுவீடனின் ஐக்கியா நிறுவனம் 1956ஆம் ஆண்டில் மேசையின் கால்களைக் கழற்றித் தட்டையாகப் பொதிசெய்து விற்கத் தொடங்கியது. ஏற்றிறக்கற் செலவு குறைந்தது. பூட்டுங்கூலி பற்றுச்சீட்டிலிருந்து மறைந்தது. அந்த வேலை மட்டும் மறையவில்லை. அது வாங்குபவரின் ஞாயிற்றுக்கிழமைக்கு இடம்மாறியது. இதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. தச்சருக்குக் கொடுக்கப் பணமில்லாத இளங்குடும்பங்களுக்கு இது பேருதவி. (எங்கள் தச்சர்கள் சொன்ன தவணையில் வேலை முடித்ததாக வரலாறும் இல்லை.) என் வழக்கு வேறு. வேலையோடு ஆபத்தையும் சேர்த்து இடம்மாற்றிவிட்டு, அதைப் பற்றி வாய் திறவாதிருக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

பெட்டியைப் பூட்டுவது இலகு. துளைகள் முன்கூட்டியே இடப்பட்டிருக்கும்; மரமுளைகளைச் செருகி, வட்டப் பூட்டுகளை அரைச் சுற்று இறுக்கினால் போதும். ஆனால் பெட்டியைப் பூட்டுவதும் சமையலறையைப் பொருத்துவதும் ஒன்றல்ல. குறிப்பேட்டின் படத்தில் சுவர் நேராக நிற்கிறது, தரை மட்டமாக இருக்கிறது, மூலை சரியாகத் தொண்ணூறு பாகையில் அமைந்திருக்கிறது. அப்படியொரு வீட்டை நீங்கள் கண்டதுண்டா?

தொழில் தெரிந்தவர் முதலில் அலுமாரியைத் தொடவே மாட்டார். தரையின் மிக உயர்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அளந்து, சுவர் நெடுகிலும் மட்டக்கோடு கீறுவார். மூலையிலிருந்து தொடங்குவார். சுவர் பிதுங்கிய இடத்தில் பெட்டிக்குப் பின்னால் மெல்லிய சீவல் வைத்த பின்பே திருகாணியை இறுக்குவார். அந்தச் சீவல் இல்லாவிடில் பெட்டி முறுகும். கதவுகள் ஒன்றுக்கொன்று ஏறியும் இறங்கியும் நிற்கும். பிணைச்சலைத் திருப்பித் திருப்பி நள்ளிரவு வரை சரிபார்க்கும் குடும்பத்தலைவருக்குப் பிழை சுவரில் இருப்பதை யார் சொல்வது? கழுவுதொட்டிக்காக வெட்டிய பலகையின் விளிம்புக்கு நீர்புகாப் பூச்சு இடவேண்டும். மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த சிப்போர்ட் தண்ணீர் குடித்தால் ஊதிவிடும். ஊதியது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

இவையெல்லாம் அழகு, ஆயுள் சம்பந்தப்பட்டவை. உயிர் சம்பந்தப்பட்டது மேல் அலுமாரி. பீங்கான் கோப்பைகளும் அரிசி, பருப்புப் போத்தல்களும் நிறைந்த அலுமாரி நம் தலைக்கு நேரே தொங்குகிறது. அதைத் தாங்குவது சில திருகாணிகள். அந்தத் திருகாணிகள் பல பொதிகளில் இருப்பதேயில்லை! சுவர்கள் பலவகையாதலால் உரியவற்றை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சிறிய குறிப்பு மட்டும் இருக்கும். காரணம் நியாயமானது. இலண்டன் வீட்டின் சாந்துப்பலகைத் தடுப்புக்கும், எங்கள் பொள்ளல் சீமெந்துக் கல்லுக்கும், யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டின் உதிரும் சுண்ணாம்புச் சாந்துக்கும் ஒரே ஆணி பொருந்தாது. எனில், எந்தச் சுவருக்கு எது பொருந்தும் என்று சொல்லவேண்டிய கடமை யாருடையது? ஒரு கோப்பை பூட்ட இருபது படங்கள் வரைபவர்கள் சுவருக்கு இரண்டு படம் வரையக்கூடாதா?

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் 2016 ஜூனை நினைவுகூரட்டும். இழுப்பறை அலுமாரிகள் சரிந்து குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, ஐக்கியா அமெரிக்காவில் மட்டும் 2 கோடி 90 இலட்சம் அலுமாரிகளை மீள அழைத்தது. அவை தரையில் நிற்பவை, சமையலறைக்குரியவையும் அல்ல. ஆயினும் கோளாறு அதேதான்: சுவரோடு பிணைக்கும் பொறுப்பு வாங்கியவரிடம் விடப்பட்டிருந்தது. பிணைக்காவிட்டாலும் சரியாது நிற்கவேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்ற 2022 டிசம்பர் வரை ஆயிற்று.

இத்தனைக்கும் முறைப்பாடுகள் ஏன் குறைவாக எழுகின்றன? நோர்ட்டன், மொச்சோன், ஆரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தம் கையால் பூட்டிய பொருளுக்கு மக்கள் கூடிய விலை மதிக்கிறார்கள் என்று கண்டனர். அதற்கு ஐக்கியா விளைவு என்றே பெயரிட்டனர். நாமே பூட்டிய அலுமாரியின் கோணல் நம் கண்ணுக்குப் படாது; பட்டாலும் நம்மையே நொந்துகொள்வோம். விற்பவருக்கு இதைவிட வாய்ப்பான வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

ஆகவே விற்பவர்களிடம் கேட்கவேண்டியது இதுதான். பெட்டியின் மேற்புறத்தில், விலைக்குப் பக்கத்தில், அதே பருமனான எழுத்தில், சுவருக்குரிய திருகாணி உள்ளே இல்லை என்று அச்சிடுங்கள். நம் நாட்டில் விற்பதாயின் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். மேல் அலுமாரி எத்தனை கிலோ தாங்கும், எவ்வகைச் சுவரில் அதைத் தொங்கவிடவே கூடாது என்பதையும் சொல்லுங்கள்.