இசை பயில்வோர் காணத்தக்க ஒரு சித்திரக் கதை

சித்திரப் படம் என்றவுடன் அது சிறுவர்க்கே உரியதென்று ஒதுக்குவோர் நம்முள் பலர். ஜப்பானியர் ஆக்கும் அனிமேப் படங்கட்கு அக்கூற்றுப் பொருந்தாது. பாடகர் குழுவிலும் பாண்டு வாத்தியக் குழுவிலும் பயிலும் நண்பர்கட்கு அத்தகைய படத்தொடர் ஒன்றை இவண் எடுத்துரைக்க விழைகின்றேன். அதன் பெயர் ‘ஹிபிகே! யூபோனியம்’, ‘ஒலித்திடுக, யூபோனியமே’ என்பது பொருள். அயானோ தக்கேதா என்னும் பெண்மணியார் இயற்றிய நாவலைத் தழுவிக் கியோட்டோ அனிமேஷன் நிலையத்தார் இதன் முதற்பகுதியை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரண்டாம் பகுதி 2016இலும், மூன்றாம் பகுதி 2024இலும் வெளிவந்தன.

கியோட்டோவை அடுத்த ஊஜி நகரில் அமைந்ததாகப் புனையப்பட்ட ஓர் உயர்நிலைப் பள்ளியே கதையின் களம். யூபோனியம், டியூபாவினும் சிறியதொரு பித்தளை ஊதுகருவி. அதனை வாசிக்கும் குமிகோ என்னும் முதலாண்டு மாணவியே கதைத்தலைவி. புதிதாக வந்த இசையாசிரியர், மகிழ்ச்சிக்காக வாசித்தல் போதுமா, நாடளாவிய போட்டியை நோக்கி உழைத்தல் வேண்டுமா என்று குழுவினரையே வினவுகின்றார். பெரும்பாலோர் போட்டிக்கே கையுயர்த்துகின்றனர். கையுயர்த்துதல் எளிது, அதற்குக் கொடுக்க வேண்டிய விலையை அவர்கள் பின்னரே அறிகின்றனர்.

இசை பயின்றவர்க்கு இதன் மெய்ம்மை விரைவிற் புலனாகும். விரல்கள் வால்வுகளை அழுத்தும் முறையும் எழும் ஒலியும் பொருந்துமாறு படம் வரையப்பட்டுள்ளது. குழு வாசிக்கும் இசையோ, செஞ்சோகு இசைக் கல்லூரி மாணவர் மெய்யாகவே வாசித்துப் பதிவு செய்தது. கோடை வெயிலில் மூக்கிற் குருதி வடியும்வரை குமிகோ ஒரு பகுதியைப் பழகுகின்றாள். அவ்விடத்தை அவள் வாசிக்க வேண்டுவதில்லை என்று ஆசிரியர் சொல்லிவிடுகின்றார். அவள் அழுதவண்ணம் ஊஜிப் பாலத்தின்மீது ஓடும் காட்சியைக் கருவி பயின்றோர் எவரும் எளிதில் மறவார்.

எனினும், யான் இத்தொடரைப் பரிந்துரைப்பதற்குத் தலையாய காரணம் வேறு. போட்டி மேடையில் 55 பேருக்கே இடமுண்டு. ஆதலின் ஆசிரியர் ஒவ்வொருவரையும் வாசிக்கக் கேட்டுத் தெரிவு செய்கின்றார். டிரம்பெட்டின் தனி வாசிப்பு, மூன்றாமாண்டு மாணவியாகிய கவோரிக்கன்றி, முதலாண்டு மாணவி ரெய்னாவுக்குக் கிடைக்கின்றது. ரெய்னாவின் தந்தை ஆசிரியருக்கு அறிமுகமானவர் என்பது தெரியவரவே, குழுவில் முணுமுணுப்பு எழுகின்றது. ஆசிரியர் இருவரையும் ஓர் அரங்கில் அனைவர் முன்னும் மீண்டும் வாசிக்கச் செய்கின்றார். கைதட்டித் தம் கருத்தைத் தெரிவிக்கப் பெரும்பாலோர் துணியவில்லை. அப்பொழுது ஆசிரியர் கவோரியையே நோக்கித் தனி வாசிப்பை ஏற்பாயா என வினவுகின்றார். அவளோ, அது ரெய்னாவுக்கே உரியதென்று மறுத்துவிடுகின்றாள். அவ்விருவர் வாசிப்பின் வேறுபாட்டை அவ்வரங்கில் அவளினும் நன்கு கேட்டவர் யார்?

மூத்தோர்க்கு இறுதி வாய்ப்பை அளித்தலன்றோ அன்பு எனச் சிலர் வினவலாம். அவ்வினாவைக் கதை இகழவில்லை. கவோரிக்காக மனமுருகி வாதாடும் தோழியும் அங்கு உளள். அவள் கண்ணீரும் மெய்யானதே. ஆயினும், அன்பு செய்ய வேண்டிய இடம் தெரிவுக்குப் பின்னர் என்பதே என் துணிபு. இடம் பெறாதாரை எங்ஙனம் நடத்துகின்றோம் என்பதில் அன்பு விளங்கட்டும். தெரிவு செய்யுங்கால் செவியே நடுவராகட்டும். தகுதியின்றிக் கிடைத்த தனி வாசிப்பு, பெற்றவருக்கும் பெருமையன்று, கேட்போர்க்கும் இனிமையன்று. கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாடலுக்குக் குரலை நோக்காது ஆண்டை எண்ணும் வழக்கம் நம் போன்ற குழுக்களிலும் இல்லையென்று யார் கூறவல்லார்?

மூன்றாம் பகுதியில் குமிகோவே குழுத்தலைவி. அவள் யூபோனியத்திற்கு நிகராக வேறு பள்ளியினின்று வந்த மாணவி ஒருத்தி எதிர்நிற்கின்றாள். இம்முறை வாசிப்போர் முகம் தெரியாதவாறு திரையிட்டு, ஒலியை மட்டும் கேட்டுக் குழுவினர் தெரிவு செய்கின்றனர். முதலாண்டில் ரெய்னாவின் பக்கம் நின்று கைதட்டிய குமிகோ, அதே நீதி தன்மீது வருங்கால் அதனை எங்ஙனம் ஏற்கின்றாள் என்பதை யான் இங்கு உரையேன், நீவிரே கண்டறிக.

கதைமாந்தர் பலராதலின், முதலிற் பெயர்கள் மயங்கும்; சற்றே பொறுமை வேண்டும். தனித்துக் காண்பதினும், குழுவாகக் கூடிக் காண்பது நன்று. கண்டபின், அடுத்த ஒத்திகைக்கு முன்னரே, நம்முள் தனிப்பாடல் எவ்வாறு வழங்கப்படுதல் வேண்டும் என்பதை மனம் விட்டுப் பேசுவோமாக.