கூட்டாளிக்குக் கிட்டிய பரிசு

இராணுவ ஒப்பந்தம் டில்லியிலே பேசும் பேச்சு. பவர் டேபிளில் பனியன் தைக்கும் திருப்பூர்த் தொழிலாளிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. தொடர்பு உண்டு, தோழர்களே! எண்ணிப் பாருங்கள்.

1954-லே சீட்டோ என்ற இராணுவக் கூட்டு பிறந்தது. மறு ஆண்டு பாக்தாத் ஒப்பந்தம். பாகிஸ்தான் இரண்டிலும் சேர்ந்தது. இந்தியா ஒன்றிலும் சேரவில்லை. இன்றளவும் நாம் எந்த இராணுவக் கூட்டிலும் உறுப்பினர் அல்லர். எனினும் 2016-லே, 'முதன்மைப் பாதுகாப்புக் கூட்டாளி' என்று அமெரிக்கா நமக்குப் பட்டம் சூட்டிற்று. ஒருவர் கப்பலுக்கு மற்றவர் எரிபொருளும் பழுதுபார்ப்பும் தந்திடும் ஒப்பந்தம் அவ்வாண்டே கையெழுத்தாயிற்று. 2022-லே அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' கப்பல் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்குப் பழுதுபார்க்க வந்தது.

தளம் அமைக்க இடம் தரவில்லை என்பர், உண்மை. தமிழன் கைக்கு வேலை வந்தது என்பர்; அதுவும் உண்மை. ஆனால், கூட்டாளிக்குக் கிட்டிய பரிசு என்ன?

2025 ஜூலையிலே, ரஷ்யாவுடன் வணிகம் தொடர்ந்தால் தண்டனை வரும் என்று நேட்டோவின் பொதுச்செயலர் மார்க் ருட்டே எச்சரித்தார். யாரை? அக்கூட்டில் உறுப்பினரே அல்லாத நம்மை! ஆகஸ்டிலே, ரஷ்ய எண்ணெயைக் காரணங்காட்டி, 25 சதவீத வரிக்கு மேல் இன்னொரு 25 சதவீதம் விதித்தது அமெரிக்கா. நேட்டோவின் உறுப்பு நாடான துருக்கியும் அதே எண்ணெயை வாங்கிற்று. அதற்கு அந்தத் தண்ட வரி இல்லை! நம்மோடு போட்டியிடும் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம். திருப்பூர்ப் பனியனுக்கோ கூடுதல் வரி மட்டும் 50 சதவீதம். ஆர்டர்கள் நின்றன, ஷிப்டுகள் குறைந்தன, வாரக்கூலியை நம்பிய வீட்டில் அடுப்பு அணைந்திடுமோ என்ற அச்சம் புகுந்தது.

அந்த வரி நீங்காதிருந்த வேளையிலேதான், அக்டோபர் 31-ல், கோலாலம்பூரிலே பத்தாண்டுப் பாதுகாப்பு உடன்பாட்டில் ராஜ்நாத் சிங் கையெழுத்திட்டார்! திருப்பூரின் கண்ணீர் அந்த மேசைக்கு எட்டியதா?

உறுப்பினனுக்குக் கேடயம் உண்டு; கூட்டாளிக்குக் கடமை மட்டும் போதும் என்பதுதான் அவர்கள் வகுத்த நீதி. எவருடனும் நட்பு வேண்டாம் என்பதல்ல நம் வாதம். நட்புக்கு விலை பேசும்போது நம் உழைப்பாளியின் சோற்றையும் கணக்கில் சேர்த்திடுக என்கிறோம். இத்தகைய உடன்பாட்டை நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றியே அரசு செய்துகொள்ள இந்நாட்டில் இடமிருக்கிறது. அந்நிலை மாற வேண்டும். கையெழுத்திடுமுன் அவையிலே வைத்திடுக, வாதம் நடக்கட்டும், பாதுகாப்புப் பேசும் மேசையிலே பனியனும் பேசப்படட்டும்!

ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் இதனை எடுத்துரைப்பீர், தோழர்களே!