கூட்டம் இருக்கிறது, சட்டை எங்கே?

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 1970களில் தையற்கடைகளைக் கவனித்த மானுடவியலாளர் ஜீன் லேவ், தொழில் பழக வந்தவர்கள் வேலையைத் தலைகீழாகக் கற்பதைக் கண்டார். பொத்தான் வைப்பதும் ஓரம் அடிப்பதும் முதலில். பிறகு தையல். துணி வெட்டுவது கடைசியில். நம்மூர்க் கடைகளில் பொத்தான் துளை தைக்கும் ‘காஜா பையன்’ உள்ளே வந்ததும் இந்த வழியில்தான். பொத்தான் கோணினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். வெட்டு தவறினால் துணி போனது போனதுதான். கையில் சின்ன வேலை என்றாலும், கண்ணெதிரே முழுச் சட்டையும் உருவாகிக்கொண்டிருக்கும். குழுவின் ஓரத்திலிருந்து மெல்ல நடுவுக்கு நகர்வதே கற்றல் என்று, எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991இல் எழுதிய நூலில் லேவ் வாதிட்டார்.

மனிதர்கள் ஏன் குழுவாகச் சேர்கிறார்கள் என்று கேட்டால் பாதுகாப்பு, தனிமை என்று வழக்கமான பதில்கள் வரும். எனக்குத் தையற்கடையின் பதில்தான் பிடித்திருக்கிறது. தனியாளால் முடிக்க முடியாத ஒன்று அங்கே உருவாகிறது, அதில் நம் அரைகுறைக் கைக்கும் வேலை இருக்கிறது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படியொரு கடை. அமீரகத்தில் பணியாற்றிய இலங்கைக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் ஆரம்பத்தில் ஏறத்தாழத் தனியாளாக எழுதிக் குவித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். இன்று கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. புதிதாக வருபவர் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தலாம். அதுதான் அவருடைய பொத்தான். எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ இருக்கிறது, கூடிப் பேச ‘ஆலமரத்தடி’ இருக்கிறது. பெயர்கள் அழகானவை. ஆனால் கற்றலைத் தாங்குவது, யாரும் ரசிக்காத ‘வரலாறு’ பக்கம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அங்கே வரிவரியாகக் கிடக்கிறது. தேர்ந்த கை எப்படித் திருத்துகிறது என்று பார்த்தே பழகலாம். தவறினால் ஒரு சொடுக்கில் பழையபடி ஆக்கலாம். வெட்டிய துணியை ஒட்டவைக்கும் இந்த வசதி எந்தத் தையற்காரருக்கும் வாய்த்ததில்லை.

அதே சொடுக்குதான் ஆளையும் விரட்டுகிறது. முதல் திருத்தமே ஒரு வார்த்தை விளக்கமின்றி அழிக்கப்பட்டால் புதியவர் பலர் திரும்பி வருவதில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பிறகு பங்களிப்பாளர்கள் குறைந்ததற்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

இதோடு ஒப்பிட்டு நம் வகுப்புகளின் வாட்ஸ்அப் குரூப்பைப் பாருங்கள். பிடிஎஃப் வருகிறது, நாற்பது கட்டைவிரல்கள் விழுகின்றன, மாலைக்குள் அது மேலே உருண்டு காணாமல் போகிறது. சேர்ந்து செய்ய அங்கே ஒரு பொருள் இல்லை. குழுவாகச் செய்யும் ப்ராஜெக்டில் பொருள் உண்டு. ஆனால் ஐந்து பேர் பெயருக்கு ஒருவர் உழைப்பு. மாணவரின் சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கிறோம். மதிப்பெண் முழுவதையும் முடிந்த கோப்புக்கே கொடுத்தால், நன்றாக எழுதத் தெரிந்தவரிடம் வேலையைத் தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பொத்தான் வைக்கும் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லையே!

கூகுள் டாக்ஸிலும் பதிப்பு வரலாறு இருக்கிறது. ஒரு பத்தி ஏன் மாறியது, யார் மாற்றினார் என்று மாணவர்களோடு உட்கார்ந்து பேச அதைவிட நல்ல கரும்பலகை கிடையாது. நான் பார்த்தவரை, வேலை செய்யாதவர் யார் என்று பிடிக்க மட்டுமே ஆசிரியர்கள் அதைத் திறக்கிறார்கள்.