அறப்பணி ஊழியர்களுக்கும் ஆலோசனையில் இடம் வேண்டும்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்றான தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், சமுதாய அறக்கட்டளைகளை நடத்துவோர் கவனிக்க வேண்டிய ஓர் அம்சம் உண்டு.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழில் நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் சம இடம் என்கிறது இச்சட்டம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்தில் இருதரப்புக் குழு அமைக்கும்படி அரசு உத்தரவிடவும் முடியும். ஆனால், முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணி, சமூகப்பணி செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை 'தொழில்' என்ற வரையறையிலிருந்து இதே சட்டம் விலக்கிவிட்டது. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வரையறையை விரிவாக்கி, கல்வி நிலையங்களையும் மருத்துவமனைகளையும் அறநிறுவனங்கள் பலவற்றையும் அதற்குள் கொண்டுவந்திருந்தது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது.

ஆக, ஓர் அறக்கட்டளை தன் ஊழியர்களை உட்கார வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. கேட்பதும் கேட்காததும் நிர்வாகிகளின் மனசாட்சியைப் பொறுத்தது.

கேட்காவிட்டால் என்ன நட்டம்? ரமளானில் ஸகாத் பொருள்களை வழங்கும் ஒரு பைத்துல்மாலை எடுத்துக்கொள்வோம். நிர்வாகக் குழு கூடி, ஒரே நாளில் மண்டபத்தில் டோக்கன் கொடுத்து வழங்கலாம் என்று முடிவு செய்கிறது. கணக்குக்கு அது எளிது. ஆனால் வீடு வீடாகச் சென்று பட்டியல் எடுத்த ஊழியருக்குத்தான் சில செய்திகள் தெரியும். இத்தாவில் இருக்கும் பெண்ணால் மண்டபத்துக்கு வர முடியாது. நேற்றுவரை கடை வைத்திருந்து நொடித்துப்போனவர் ஊரார் முன் வரிசையில் நிற்க மாட்டார். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கு அனுப்பி வைக்கவும் ஆள் இல்லை. முடிவெடுக்கும் முன் அந்த ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்காததன் விலையை நிர்வாகிகள் கொடுப்பதில்லை. உதவிக்கு உரியவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

மஷூரா நமக்குப் புதிய சொல் அல்ல. குர்ஆனின் 42-ஆம் அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா. ஹிஜ்ரி 5-இல் மதீனாவைப் பெரும் படை முற்றுகையிட வந்தபோது அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் ஸல்மான் அல்ஃபார்ஸி (ரலி). அவர் கோத்திரத் தலைவர் அல்லர். பாரசீகத்திலிருந்து வந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். யார் சொன்னார் என்று பார்த்து அந்த யோசனை ஒதுக்கப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றதோடு, மண் சுமக்கும் வேலையிலும் பங்கெடுத்தார்கள்.

எல்லாவற்றையும் ஊழியர்களே முடிவு செய்யட்டும் என்பது இதன் பொருள் அல்ல. அமானிதமாக வந்த பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அறங்காவலர்கள். இறுதி முடிவு அவர்களுடையதாகவே இருக்கட்டும். எதில் கருத்துக் கேட்கப்படும், எதில் நிர்வாகம் மட்டுமே முடிவெடுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது. முடிவு எழுதி முடித்த பிறகு கூட்டம் போட்டு 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்பது மஷூரா ஆகாது. ஆண்டுத் திட்டமும் வரவு செலவும் பேசப்படும்போதே ஆசிரியர், செவிலியர், சமையல்காரர், கணக்கர் ஆகியோரின் பிரதிநிதிகள் அங்கே இருக்க வேண்டும். அவர்கள் சொன்னதை ஏற்க இயலாதபோது காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டவர் மூன்றாம் முறை வாய் திறக்க மாட்டார்.

இன்னொன்று, அச்சம். ஜமாஅத் கொடுத்த வீட்டில் குடியிருக்கும் இமாமும், ஒப்பந்தமே இல்லாமல் மாதச் சம்பளம் வாங்கும் மதரஸா ஆசிரியரும் தலைவர் முன்னிலையில் மனம் திறந்து பேசுவார்களா? மாற்றுக் கருத்துச் சொன்னதற்காக எவருடைய வேலைக்கும் கேடு வராது என்பதை நிர்வாகம் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

சந்தா கொடுக்கும் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. அடுத்த பொதுக்குழுவில் எவ்வளவு வசூலானது என்று கேட்பதோடு, 'அங்கே வேலை செய்பவர்களைக் கலந்து பேசினீர்களா?' என்றும் கேட்போம்.