ஏரியைப் பார்க்கும் வீதி

சென்னை மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு வீதி இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் வீதி என்று அர்த்தம். அங்கே நின்று நாலு திசையிலும் கண்ணை ஓட்டினால் வீடுகளும் கடைகளும் தென்படுமேயன்றி ஏரி தென்படாது. 1920-ம் வருஷங்களில் தியாகராய நகரை நிர்மாணிப்பதற்காக அந்த நீண்ட ஏரியை வடித்துவிட்டார்கள். பெயர் மாத்திரம் மிஞ்சிற்று.

அவ்வழியே பள்ளிக்கூடம் போகும் ஒரு பையனை நிறுத்தி, "தம்பி, ஏரி எங்கே?" என்று கேட்டால் விழிப்பான். அவன் பேரில் தவறில்லை. நைல் நதி பாயும் தேசங்களை நெட்டுருப் போடச் செய்த நாம், அவன் வீட்டு மொட்டைமாடியில் பெய்யும் மழை எந்த வழியாக எங்கே போகிறது என்பதைச் சொல்லித் தரவில்லை. 2015 டிசம்பரில் இந்தப் பட்டணத்தில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2019 ஜூலையில் இதே பட்டணத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஜலம் வந்தது. நாலு வருஷத்துக்குள் இரண்டையும் கண்ட பிள்ளைகளுக்கு, ஏன் என்று கேட்க உரிமை உண்டல்லவா?

நகர நிர்மாணம் பெரியவர்கள் சமாசாரம் என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தார் அப்படி நினைக்கவில்லை. டேனியல் பர்ன்ஹாம் முதலியோர் 1909-ல் அந்நகருக்கு வகுத்த திட்டத்தை விளக்கி, 1911-ல் வால்டர் மூடி என்பவர் ஒரு பாடபுஸ்தகமே எழுதினார். எட்டாம் வகுப்பில் அதைப் போதித்தார்கள். இன்றைய பிள்ளைகள் நாளைய வோட்டர்கள் என்பது கணக்கு. கெட்டிக்காரக் கணக்குதான். ஆனால் அந்தப் புஸ்தகம் திட்டத்துக்கு ஆதரவு தேடுவதற்காக எழுதப்பட்டது. திட்டத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக அல்ல.

நமக்கு உகந்ததாகப் படுவது பாட்ரிக் கெட்டிஸ் காட்டிய வழி. 1915-ல் சென்னையில் நகர நிர்மாணப் பொருட்காட்சி நடத்தியவர் அவர். (முதலில் சேகரித்த படங்கள் வந்த கப்பலை நம் 'எம்டன்' மூழ்கடித்துவிட்டது; மனிதர் சளைக்காமல் மறுபடி சேகரித்தார்.) கோடு கிழிப்பதற்கு முன் ஊரை நன்றாக ஆராய்ந்து அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஒரு சனிக்கிழமை காலை உபாத்தியாயர் ஒன்பதாம் வகுப்பை அழைத்துக்கொண்டு புறப்படட்டும். கையில் ஒரு பழைய வரைபடம் போதும். 2015-ல் எந்த வீட்டுப் படி வரை ஜலம் வந்தது, எந்தக் கிணறு கோடையிலும் வற்றுவதில்லை என்று வீடு வீடாக விசாரித்துக் குறிக்கட்டும். பாட்டிமார்களுக்குத் தெரியாத மேடு பள்ளம் கிடையாது. பிறகு வகுப்பில் அந்தப் படத்தைப் பரப்பி, இன்னும் ஆயிரம் குடும்பங்கள் வந்தால் வீடு எங்கே, விளையாட்டு மைதானம் எங்கே, மழைஜலத்துக்கு இடம் எங்கே என்று சண்டை போடட்டும். அந்தச் சண்டைதான் பாடம்.

"இது பரீட்சைக்கு வருமா?" என்று தகப்பனார்கள் கேட்பார்கள். வராமலிருக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறோம். வந்தால் மறுநாளே நோட்ஸ் அச்சாகிவிடும். இருபது வருஷம் கழித்து அந்தப் பையன் மனை வாங்கப் போவான். தரகர் "நல்ல மேட்டு நிலம், ஸார்!" என்பார். பக்கத்துத் தெருவின் பெயர்ப் பலகையில் 'ஏரிக்கரைத் தெரு' என்று எழுதியிருக்கும்.