சொல்லும் பொருளும்: பெரட்டும் துண்டும்

ஆங்கில அகராதியை விரித்துப் ‘பரேட்’ என்னும் சொல்லுக்குப் பொருள் தேடும் மாணவர், படைவீரர் அணிவகுத்து நடத்தல் என்று அதிற் காண்பர். ரம்புக்கனையைச் சூழ்ந்த தோட்டங்களிற் பிறந்த பிள்ளைகளோ அச்சொல்லை வேறோர் உருவில், வேறொரு பொருளில், அகராதியின் துணையின்றியே அறிவர். அதுவே ‘பெரட்டு’. விடியற்காலையில் தொழிலாளர் ஓரிடத்திற் கூடிப் பெயர் கொடுத்து, அன்றைய வேலை இன்னதென்று கேட்டறிந்து கலைவதே பெரட்டு. அவர்கள் கூடும் இடம் பெரட்டுக்களம். ‘புரட்டு’ என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் இதற்கும் உறவு யாதுமில்லை.

இலத்தீன் மொழியில் ‘ஆயத்தம் செய்தல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து கிளைத்த இச்சொல், பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. படைமுகாமிற் பிறந்த இச்சொல் தோட்டத்துக்கு வந்தது எங்ஙனம்? 1840ஆம் ஆண்டுகளிற் கோப்பிப் பயிர் இந்நாட்டு மலைகளிற் பெருகியபோது, காணி வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் படை அதிகாரிகளும் இருந்தனர். தோட்ட நிருவாகமும் படையொழுங்கைத் தழுவியே அமைந்தது. ‘லயம்’ என்று நாம் வழங்கும் சொல்லும் அத்தகையதே. இந்தியாவில் ஆங்கிலேயர் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைகளை ‘லைன்’ என்றனர். அச்சொல்லே தொழிலாளர் வீடுகளுக்கும் பெயராயிற்று. சணல்நூலைக் குறித்த இலத்தீன் சொல்லே அதற்கு மூலம் என்பது வியப்புக்குரியது. நூல் கோடாயிற்று, கோடு வரிசையாயிற்று, வரிசை வீடாயிற்று.

தமிழிற் சொல்லின் ஈற்றில் வல்லின மெய் நில்லாது. ஆகவே ‘நோட்’ நோட்டு ஆனது போலப் ‘பரேட்’ என்பதும் உகரம் பெற்று நம் நாவுக்கு இசைந்தது. எழுதப்படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்கள் செவிவழிக் கேட்டு இதனைச் செய்தனர் என்றால், மொழியின் இலக்கணம் ஏட்டில் மட்டும் வாழ்வதன்று என்பது விளங்கும்.

இறப்பர்த் தோட்டத்தில் பெரட்டு வைகறையிலே நிகழ்வதற்கு இயற்கையும் ஒரு காரணம். குளிர்ந்த காலைப்பொழுதில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதே பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆதலின் பால்வெட்டுவோர் கதிரவனை முந்தவேண்டியவராயினர்.

ஆங்கிலச் சொல் தமிழுக்கு வந்தது போலவே தமிழ்ச் சொற்களும் தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்திற் புகுந்தன. சோழர் கல்வெட்டுகளிலே காணப்படும் ‘கண்காணி’ அங்கே ‘கங்காணி’யாக நின்றது. மற்றொன்று ‘துண்டு’. இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலேயர்க்கு விளங்காத இச்சொல், இலங்கை அரசாங்கத்தின் ஆங்கில அறிக்கைகளில் தமிழ் ஒலியோடே எழுதப்பட்டது.

நமக்குத் துண்டு என்றால் சிறு பகுதி. தோளில் இடும் துணியும் துண்டே. தோட்டத்துத் துண்டோ ஒரு கடிதம். இத்தொழிலாளியின் கடனைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம் என்று தோட்ட நிருவாகி எழுதிக் கொடுப்பது அது. பிரயாணச் செலவு, முன்பணம், அரிசி முதலியவற்றால் ஏறிய கடன் அதிலே தொகையாக நிற்கும். அடுத்த தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆளை ஏற்றுக்கொள்ளும். ஆள் இடம் மாறினார். கடனோ அவரைவிட்டு மாறவில்லை. உழைப்பாளரின் போக்கும் வரவும் ஒரு தாளில் அடங்கிய இம்முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. முறை ஒழியவே, ஆங்கிலத்தில் அச்சொல்லும் வழக்கொழிந்து பழைய ஏடுகளில் அடங்கிற்று.

துரைமார் தமிழ் பயிலுதற்கென்று பெர்குசன் என்பார் தொகுத்துக் கொழும்பில் வெளிவந்த கைந்நூல் ஒன்றுண்டு. அதன் பெயர் ‘இங்கே வா’. ஒரு மொழியைக் கற்கப் புகுவோர் முதலில் எச்சொல்லை வேண்டினர் என்பதை அத்தலைப்பே உணர்த்துகிறது. நலம் உசாவுதலன்று, ஏவுதலே அவர்க்கு முதற்பாடமாயிற்று.

பெரட்டு, லயம் போன்றவற்றைக் கொச்சை என்று பிள்ளைகள் பள்ளியில் மறைப்பதுண்டு. பெற்றோரும் சில வேளை கடிந்துகொள்வர். கட்டுரை எழுதுகையிற் செந்தமிழ் வேண்டுவது முறையே. ஆயினும் அச்சொற்களை நாணி மறக்க வேண்டுவதில்லை. தம் முன்னோர் எவ்வாறு எண்ணப்பட்டனர், எங்கே உறங்கினர், எதனாற் கட்டுண்டனர் என்பதற்கு அவை சான்று. வீட்டிலே முதியோர் இருக்கும்போதே மாணவர்கள் ஒரு குறிப்பேட்டை எடுத்து, அவர் வழங்கும் தோட்டச் சொற்களையும் பொருளையும் கேட்டு எழுதி வைத்தல் நன்று. அகராதி செய்தோர் பலர் அப்பெரட்டுக்களத்திற்கு வந்ததில்லை. அங்கே நின்றவரின் பேரப்பிள்ளைகளே அதனைச் செய்தல் வேண்டும்.