தள்ளிப்போடும் மாத்திரையும் ஒற்றைத் தலைவலியும்

ஆடி வந்தால் நம்ம வீடுகளில் ஒரு கணக்கு ஆரம்பமாகிவிடும். ஆடிப்பெருக்கு என்றைக்கு, ஆடிப்பூரம் என்றைக்கு, வரலட்சுமி விரதம் எந்த வெள்ளிக்கிழமை, நமக்கு 'அந்த' மூன்று நாள் எந்தத் தேதி. இரண்டும் இடித்தால் அடுத்த கேள்வி, "மாத்திரை போட்டுக்கலாமா?" இங்கே செகந்திராபாத்தில் அதே சமயத்தை ஒட்டி போனாலு பண்டிகை வேறு. தெலுங்கு வீடுகளிலும் இதே கணக்கு, இதே கேள்விதான்.

அந்த மாத்திரையைப் பற்றியும், அதோடு யாருமே சேர்த்துப் பேசாத ஒற்றைத் தலைவலியைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் டாக்டர் இல்லை. மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்துப் பொடி எழுத்தில் ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, அதைத் தயார் செய்கிற துறையில்தான் பதினாறு வருஷமாகச் சோறு. அதனால் மற்றவர்கள் தூக்கிப் போடும் காகிதத்தை நான் உட்கார்ந்து படிப்பேன். தொழில் வியாதி :-)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஹார்மோன் சம்பந்தமாக எந்த முடிவு எடுப்பதாக இருந்தாலும், அது தள்ளிப்போடும் மாத்திரையோ, கருத்தடை மாத்திரையோ, கர்ப்பப்பை ஆபரேஷனோ, முதலில் கேட்க வேண்டிய கேள்வி "உனக்கு ஒற்றைத் தலைவலி உண்டா?" என்பது. நாம் அதைக் கேட்பதே இல்லை.

முதலில் இந்த வலியை அடையாளம் காண்போம். திருமுல்கேரியில் (கடை போர்டில் திருமலகிரி, மிலிட்டரிக்காரர்கள் வாயில் டிரிமுல்கேரி) ஒரே தெருவில் மூன்று பாஷை. நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். தெலுங்கில் பார்ஷ்வபு நொப்பி, அதாவது பக்கவாட்டு வலி. உருதுவில் ஆதா சீசீ, பாதித் தலை. மைக்ரேன் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் பாதி மண்டை என்றுதான் அர்த்தம். உலகம் பூராவும் பெண்கள் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்! வெளியூரில் டாக்டரிடம் வெறுமனே "தலைநொப்பி" என்று சொல்லி ஒரு பாராசிட்டமாலோடு திரும்பி வருகிறவர்கள், இந்த வார்த்தைகளை மனசில் வைத்துக்கொண்டால் உதவும்.

மருத்துவர்கள் சொல்லும் இலக்கணம் இது. சரியாக மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம், நாடி துடிப்பது போல. மாடிப்படி ஏறினால் கூடும். குமட்டும், அல்லது வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் அம்மாவை நம்மில் பல பேர் பார்த்து வளர்ந்திருக்கிறோம். "அம்மாவுக்கு டென்ஷன்" என்று அப்பா சொல்லியிருப்பார். அது டென்ஷன் இல்லை சார், மூளை நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி. உலக அளவிலான நோய்ச்சுமைக் கணக்கில், இளம் வயதுப் பெண்களை முடக்கிப் போடும் காரணங்களில் முதல் இடம் இதற்குத்தான். பெங்களூர் நிம்ஹான்ஸ் குழுவினர் கர்நாடகாவில் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, ஒரு வருஷத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தது தெரிந்தது (25.2 சதவீதம்). அதில் பெண்கள்தான் அதிகம்.

ஏன் பெண்கள்? வயதுக்கு வருவதற்கு முன் பையன்களுக்கும் பெண்களுக்கும் இந்த வியாதியில் பெரிய வித்தியாசம் இல்லை. வயதுக்கு வந்த பிறகு ஆணுக்கு ஒன்று என்றால் பெண்ணுக்கு இரண்டு மூன்று என்று ஏறிவிடுகிறது. காரணம் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும் விதம். 1972-ல் சாமர்வில் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் ஒரு எளிமையான சோதனை செய்தார். மாதவிலக்கு சமயத்தில் தலைவலி வரும் சில பெண்களுக்கு, விலக்கு வருவதற்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். விலக்கு வழக்கம்போல வந்தது, தலைவலி மட்டும் பல நாள் தள்ளிப்போனது. புரோஜெஸ்டிரோன் கொடுத்தபோது இதற்கு நேர்மாறு. விலக்கு தள்ளிப்போனது, தலைவலி பெரும்பாலும் தன் நேரத்துக்கே வந்து நின்றது. ஆக, தலைவலியைக் கிளப்பியது ரத்தப்போக்கு இல்லை, அதற்கு முன் ஈஸ்ட்ரோஜன் சடாரென்று இறங்குவதுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். விலக்குக்கு இரண்டு நாள் முன்பிலிருந்து மூன்றாம் நாள் வரை வலி ஏன் அதிகம் என்பது புரியும். கர்ப்பத்தில் நாலாம் மாதத்துக்குப் பிறகு பலருக்கு வலி மாயமாக மறைந்து, பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வருவதும், நாற்பதுகளில் விலக்கு தாறுமாறாகும்போது வலியும் தாறுமாறாவதும், விலக்கு நின்று சில வருஷம் ஆனபின் பலருக்கு அடங்குவதும் இதே கதைதான்.

சரி, மாத்திரைக்கு வருவோம். விலக்கைத் தள்ளிப்போட நம் ஊரில் கொடுப்பது பெரும்பாலும் நாரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. சீட்டு கேட்காமலே வெட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. "இது வெறும் புரோஜெஸ்டிரோன் மாதிரி, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லுவார்கள். ஆனால் இதில் ஒரு பகுதி உடம்புக்குள் போனதும் எத்தினைல் ஈஸ்ட்ராடயாலாக மாறுகிறது. ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம் சாப்பிட்டால், 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுவதற்குச் சமம் என்று பிரிட்டனின் குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவர்களின் வழிகாட்டி சொல்கிறது. அரசாங்கம் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராம். அதாவது அம்மனுக்குப் பொங்கல் வைக்கத் தள்ளிப்போடுகிறவள், தெரியாமலே கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜனையும் சாப்பிடுகிறாள்.

டப்பாவில் இருக்கும் காகிதத்தில், முதல் தடவையாக மைக்ரேன் மாதிரித் தலைவலி வந்தாலோ, வழக்கமில்லாத கடுமையான தலைவலி அடிக்கடி வந்தாலோ உடனே நிறுத்து என்று இருக்கிறது. ஆனால் கடைக்காரர் அட்டையில் ஒன்பது மாத்திரை வெட்டிக் கொடுத்தால் காகிதம் டப்பாவிலேயே தங்கிவிடும். நாங்கள் கண் வலிக்க எழுதும் எச்சரிக்கை, போய்ச் சேர வேண்டியவளிடம் மட்டும் போவதில்லை.

எங்கள் அபார்ட்மெண்டில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கிரகப்பிரவேசத்துக்கு மாமியார் மாத்திரை வாங்கி வைத்திருந்தார். பேச்சுவாக்கில், "அக்கா, எனக்குத் தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல மின்னல் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓடும், அரை மணி நேரம் எழுத்தே தெரியாது" என்றாள். இதற்குத்தான் 'ஆரா' என்று பெயர். 5 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும், பிறகு வலி. சிலருக்குக் கை மரத்துப்போகும், பேச்சு குழறும். ஆரா உள்ள பெண்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏற்கெனவே சற்று அதிகம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அதை இன்னும் கூட்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில், ஆரா உள்ள பெண்ணுக்கு எந்த வயதிலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை நாலாவது பிரிவு. "கொடுக்கவே கூடாது" என்று அர்த்தம். அவளை முதலில் டாக்டரிடம் போகச் சொன்னேன். ஈஸ்ட்ரோஜனாக மாறாத வேறு மாத்திரை உண்டு என்று அங்கே சொன்னார்களாம். கேட்டால் வழி இருக்கிறது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பயமுறுத்த எழுதவில்லை. இந்த மாத்திரை சாப்பிடும் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஆகும்போது அது சின்ன விஷயமில்லை. நம்ம ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில் 2002 முதல் 2010 வரை மூளையின் சிரை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து வந்த 428 பேரைப் பதிவு செய்து, 2012-ல் வெளியிட்டார்கள். அதில் கண்ட காரணங்களில் கருத்தடை மாத்திரையும் ஒன்று, பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களும் ஒன்று. ரம்ஜான் நோன்பு முழுசாக இருக்க வேண்டும் என்று மாத்திரை சாப்பிட்டு இதே நோயோடு வந்த பெண்களைப் பற்றி ஈரான் டாக்டர்களும் எழுதியிருக்கிறார்கள். சாமி எதுவானாலும் ரத்தம் ஒன்றுதான். இந்த நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வெறும் தலைவலி. "அவளுக்கு எப்பவும் வர்றதுதானே" என்று வீடு விட்டுவிடும் இடம் அதுதான்.

அதனால் எப்பவும் வருவது எது, புதுசு எது என்று தெரிந்திருக்க வேண்டும். இடி விழுந்தது போல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, வாய் கோணல், கை கால் வலுவிழப்பது, வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கர்ப்பத்தின் பிற்பாதியிலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வரும் கடும் வலி, இதில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அடுத்தது கர்ப்பப்பை. இந்தத் தெலுங்கு மண்ணில் இதைப் பேசாமல் போக முடியாது. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் நாடு முழுக்க 3.2 சதவீதம். ஆந்திராவில் 8.9, தெலங்கானாவில் 7.7. தேவையில்லாத ஆபரேஷன்கள் பற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மத்திய அரசின் வழிகாட்டுதலை மாநிலங்கள் அமல்படுத்தச் சொன்னது. "எடுத்துட்டா மாசாமாசம் வர்ற தலைவலியும் போயிடும்" என்று உறவுக்காரர்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். போகாது. ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பது கர்ப்பப்பை இல்லை, சினைப்பை. அதையும் சேர்த்து எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் மாடியிலிருந்து குதித்த மாதிரி இறங்கும். 1993-ல் இத்தாலியில் வந்த ஓர் ஆய்வில், இயற்கையாக விலக்கு நின்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மைக்ரேன் குறைந்தது. ஆபரேஷனால் நின்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கூடியது. புற்றுநோய் போன்ற காரணம் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். தலைவலிக்காக எடுக்காதீர்கள்.

"இவ்வளவு பேசுகிறாயே, தள்ளிப்போடுவதே தேவையா?" என்று கேட்பீர்கள். தீட்டு உண்டா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. தங்கை கல்யாணத்தன்று வயிற்றுவலி வேண்டாம் என்று ஒரு பெண் தானே முடிவெடுத்தால் அது அவள் உரிமை. என் ஆதங்கம் வேறு. எந்தத் தேதியில் அவள் விளக்கேற்றக் கூடாது என்று மாமனார் வரைக்கும் தெரிகிறது. எந்தத் தேதியில் அவளுக்குத் தலை பிளக்கும் என்று கூடப் படுத்திருக்கும் புருஷனுக்குத் தெரிவதில்லை. இரண்டும் ஒரே தேதிதானே ஐயா!

செலவில்லாத ஒரு வேலை சொல்கிறேன். சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த நாளைக் குறிக்கிறோம், பால் கணக்கு எழுதுகிறோம். விலக்கு நாளுக்கு ஒரு வட்டம், தலைவலி நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. மூன்று மாதம் போதும். மூன்றில் இரண்டு மாதம் வட்டமும் பெருக்கலும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் அது மாதவிலக்கு மைக்ரேனாக இருக்கலாம். டாக்டர் அந்த நாலைந்து நாளுக்கு மட்டும் முன்கூட்டியே மருந்து தர வழி உண்டு. வலிக்கு வெறும் பாராசிட்டமால் போதாதவர்களுக்கு டிரிப்டான் வகை மருந்துகள் இருக்கின்றன.

புள்ளிகளையும் எண்ணுங்கள். சாரிடான் போன்ற கூட்டு வலி மாத்திரைகளை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கும். இன்னொன்று, தடுப்பு மருந்தாகச் சிலருக்குக் கொடுக்கும் வால்புரோயேட், கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லிவிட வேண்டும்.

ஊரில் இருந்தால் அத்தையோ சித்தியோ முகத்தைப் பார்த்தே "என்னடி, மண்டையிடியா?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே நாலு சுவருக்குள் கேட்பதற்கு ஆள் கிடையாது. புருஷன், மாமியார், வளர்ந்த பிள்ளை, யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் கேட்க வேண்டும். மருந்துக்கடைக்குச் செருப்பை மாட்டுவதற்கு முன்னால் இரண்டே கேள்வி. ஒற்றைத் தலைவலி உண்டா? கண்ணில் மின்னல் ஓடுமா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், கடைக்குப் பதிலாக டாக்டரிடம் போங்கள். கையில் காலண்டரோடு.